வண்டிச் சாவி தொலைந்தால்: வேலூரில் எனக்கு நடந்தது

குடியாத்தத்திலிருந்து பைக்கில் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு வேலூர் கோட்டைக்குப் போயிருந்தேன். ஜலகண்டேஸ்வரருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. சாமி கும்பிட்டு, கல்யாண மண்டபத்துத் தூண்களை அம்மா ஆசை தீரப் பார்த்து, வெளியே வந்து பாக்கெட்டில் கைவிட்டால் சாவி இல்லை. மணி 12.30. மே மாத வெயில். ஹேண்டில் லாக் வேறு போட்டிருந்தேன்.

வந்த வழியெல்லாம் தேடினோம். செருப்பு விட்ட இடம், உட்கார்ந்த திண்ணை, பூக்கடை, அகழி ஓரம் எதையும் விடவில்லை. ஸ்ரீபுரத்தில் வாங்கிய மஞ்சள் கீ செயின், கண்ணில் படாமல் போகாது. யாரும் பார்க்கவில்லை. நடை சாத்திவிட்டார்கள்.

வண்டி அப்பாவுடையது, 2009 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். அவருக்கு போன் போட்டேன். "ரெண்டாவது சாவி எங்கப்பா?" என்றேன். வீடு மாறியபோதே காணாமல் போய்விட்டதாம். புது வண்டியோடு சாவி நம்பர் அடித்த சின்னத் தகடு ஒன்று வருமே, அது இருந்தால் நம்பரைச் சொல்லியாவது கேட்கலாம். அந்தத் தகடும் தொலைந்த கொத்திலேயே கோத்திருந்தது. உங்கள் சாவியிலும் அது தொங்கினால் இன்றைக்கே கழற்றி வீட்டில் வையுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, ஷோரூம் எதுவும் திறந்திருக்காது. பக்கத்தில் ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். ஹேண்டிலை ஒரு உதை விட்டால் லாக் உடைந்துவிடும், ஒயரை வெட்டி நேராக முடிச்சுப் போட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், பிறகு புது லாக் செட் மாட்டிக்கலாம், 10 நிமிஷ வேலை என்றார். அம்மாவின் முகம் வாடியிருந்ததைப் பார்த்து நானும் தலையாட்டப் போனேன். போனில் அப்பா கத்தினார்: "உதைக்க உடாதடா! ஒயர்ல கை வெக்க உடாத! சாவி போடுறவரா பார்த்து இட்டுக்கினு வா." அவர் சொன்னதைக் கேட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

அம்மாவை மர நிழலில் உட்கார வைத்துவிட்டு லாங் பஜார் பக்கம் விசாரித்துக்கொண்டே நடந்தேன். ஒரு ஓரத்தில் மரப்பெட்டி, அதன் மேல் ஆணியில் வரிசையாக வெட்டாத சாவிகள், பக்கத்தில் குடைக் கம்பிகள். 60 வயது இருக்கும், பாய் ஒருவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆர்சி கீதா தம்பி?"

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சி இருக்கிறதா என்று கேட்கிறார். அதன் நகல் வண்டியின் சைடு பாக்ஸுக்குள் இருக்கிறது. அதைத் திறக்க அதே சாவி வேண்டும். வண்டி அப்பா பேரில் இருப்பதால் என் டிஜிலாக்கரிலும் இல்லை. தங்கச்சிக்குச் சொல்லி, ஆர்சி கார்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதுல வேற பேர் கீதே. நீ யாரு?" ஆதாரைக் காட்டினேன். அதில் தகப்பனார் பெயர் இருந்தது. ஆர்சியில் இருந்த பெயரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். கோட்டைக்கு வந்த பிறகும் விடவில்லை. ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துக் குழாயில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை விரலால் துடைத்து, அங்கே அடித்திருக்கும் சேசிஸ் நம்பரை ஆர்சி நம்பரோடு சரிபார்த்த பிறகுதான் பெட்டியைத் திறந்தார். வெயிலில் நின்றவனுக்கு அப்போது எரிச்சல் வந்தது உண்மை. இப்போது யோசித்தால் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது. இதே வண்டியை வேறொருவன் காட்டி "என் வண்டிதான் பாய்" என்று சொல்லியிருந்தால்?

அவர் முதலில் இக்னிஷனைத் தொடவில்லை. தினமும் சாவி போட்டுப் போட்டு அது தேய்ந்திருக்கும், சைடு பாக்ஸ் பூட்டுதான் அதிகம் புழங்காதது, அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். பக்கவாட்டில் ஓடும் பள்ளம் ஒத்துப்போகும் வெட்டாத சாவி ஒன்றை எடுத்து, அதன் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து மழமழவென்று ஆக்கினார். பூட்டுக்குள் விட்டு, லேசாகத் திருகிப் பிடித்து, மேலும் கீழும் ஆட்டி, வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துக் காட்டினார். ஊசி முனையால் குத்தியது மாதிரி சின்னப் புள்ளிகள். உள்ளே ஸ்பிரிங் வைத்த பித்தளைத் தகடுகள் இருக்கின்றன; சாவி போனதும் அத்தனையும் ஒரே மட்டத்துக்கு வரவேண்டும், ஒன்று தூக்கி நின்றாலும் பூட்டு திரும்பாது. எந்தத் தகடு இடிக்கிறதோ அந்த இடத்தில் புள்ளி விழும். அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி உள்ளே, மறுபடி வெயிலில். ஓர் இடத்தில் புள்ளி விழுவது நின்றுவிட்டால் அந்தப் பல் முடிந்தது, அடுத்தது.

ஒரு சாவியில் ஓர் இழுப்பு அதிகமாகிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அம்மா தன் முந்தானையால் அவருக்கு நிழல் பிடித்தாள்.

சைடு பாக்ஸ் டக்கென்று திறந்தது. இக்னிஷனுக்கு இன்னும் இரண்டு பல்லைத் திருத்த வேண்டியிருந்தது. ஹேண்டில் லாக் விடுபட்டது, பச்சை விளக்கு எரிந்தது, பெட்ரோல் மூடியும் திறந்தது. மொத்தம் 50 நிமிஷம். இடத்துக்கே வந்து போட்டதற்கு 450 ரூபாய், கடைக்குப் போய் மெஷினில் அதைப் பார்த்து இன்னொன்று வெட்டியதற்கு 100. பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை. சாவியில் சிப் இருக்கும் புது வண்டிகளுக்கு இந்த வேலை போதாது, கம்பெனிக்குத்தான் போகணும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் பேசினேன். வண்டி திருடு போய் கிளெய்ம் கேட்டால் இரண்டு சாவியையும் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. சாவி தொலைந்தது, புதிதாகப் போட்டது இரண்டையும் தேதியோடு எழுதி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, ஒரு நகலை வீட்டில் வைத்திருக்கிறேன்.

புதுச் சாவி நாலைந்து நாள் கொஞ்சம் பிடிக்கும், பூட்டில் எண்ணெய் ஊற்றாதே, தூசி ஒட்டிக்கொள்ளும், பென்சில் தூள் போடு என்று பாய் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். தங்கச்சியின் பென்சிலைப் பிளேடால் சீவி, கரியைச் சாவிப் பல்லில் தேய்த்து, பெட்ரோல் மூடியில் விட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.