நான்கு கடைகள், ஏழு கார்கள்

வவுனியாக் கடைவீதியை ஒட்டிய தெருவொன்றில் பலகைக் கதவுகளோடு வரிசையாக நின்ற நான்கு கடைகளைச் சென்ற ஆண்டு இடித்துவிட்டார்கள். இடித்த நிலத்தில் வேறு கட்டடம் எதுவும் எழவில்லை. பக்கத்து வணிக நிலையத்துக்கு வருவோர் வாகனம் நிறுத்துவதற்காகக் கொங்கிறீற் போட்டு, வெள்ளைக் கோடுகள் இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

கடைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 அடி அகலமும் 40 அடி நீளமும் கொண்டவை. நான்கும் சேர்ந்தால் 1,920 சதுர அடி. ஒரு கார் நிற்பதற்கு 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் போதும் என்றாலும், அது உள்ளே வரவும் திரும்பவும் வெளியேறவும் விடவேண்டிய வழியையும் கணக்கில் சேர்த்தால், ஒரு காருக்கு 270 சதுர அடியாவது போய்விடும். ஆக, நான்கு கடைகளைக் கொடுத்து நாம் வாங்கிக்கொண்டது ஏழு கார்களுக்கான இடம். நான் எதிரேயுள்ள தேநீர்க்கடையில் இருந்து பலநாள் பார்த்திருக்கிறேன். அந்த ஏழும் நிரம்பியதை ஒருநாளும் காணவில்லை. இவ்வூருக்குச் சாமான் வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் பேருந்திலோ மோட்டார் சைக்கிளிலோ வருகிறவர்கள், மோட்டார் சைக்கிள்காரரோ கடைவாசலை விட்டு நகரமாட்டார்.

வடக்குப் புகையிரதப் பாதை 1905 இல் முழுமையடைந்த பின்னர், நிலையத்துக்கும் கடைவீதிக்கும் இடையே மெல்ல மெல்ல உருவான நகரத்தின் எச்சங்கள் அக்கடைகள். சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர், கள்ளிக்கோட்டை ஓடு, பாலையும் முதிரையுமாக வன்னிக் காட்டில் வெட்டிய மரத்தில் தீராந்திகள், மழைக்கு ஒதுங்குவோர் யாரையும் கேளாமல் ஏறி நிற்கக்கூடிய விறாந்தை என்று, இந்த வெயிலையும் மாரியையும் அறிந்தவர்கள் கட்டிய கட்டடங்கள் அவை. நண்பகலில் மின்விசிறி இல்லாமலே உள்ளே இருக்கலாம். இன்று அவ்விடத்தில் நிற்கும் காரின் கதவுப்பிடியை அந்நேரத்தில் தொட முடியாது.

வன்னியில் பழைய கட்டடம் என்று காட்ட மிஞ்சியவை மிகக் குறைவு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் போர் ஏறத்தாழ எல்லாவற்றையும் தரையோடு தரையாக்கியது. கிளிநொச்சியில் சரிந்து கிடந்த நீர்த்தாங்கியைப் பார்க்கத் தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்தபோது, அதுதான் அந்நகரத்தின் வரலாற்றுச் சின்னம் போலாகிவிட்டது. வவுனியா அந்த அளவுக்கு அழியவில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் வவுனியாவோடு நின்று, 2013 இல் கிளிநொச்சிக்கும் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டும் ஓடத் தொடங்கும் வரையிலான அத்தனை ஆண்டுகளையும் அந்தக் கடைகள் கண்டிருந்தன. ஷெல்லுக்குத் தப்பியவை பெக்கோ இயந்திரத்துக்குத் தப்பவில்லை; ஒரு காலைப்பொழுதுக்குள் வேலை முடிந்துவிட்டது.

கார்கள் நம்மைவிட முந்திப் பெருகிய அமெரிக்காவில் இந்தக் கதை எப்போதோ நடந்து முடிந்தது. ஜோர்ஜியா மாநிலத்தின் சவன்னா நகரில், சதுக்கமொன்றில் இருந்த பழைய சந்தைக் கட்டடத்தை 1954 இல் இடித்து, அவ்விடத்தில் அடுக்குமாடி வாகனத் தரிப்பிடம் கட்டினார்கள். அடுத்த ஆண்டே, 1820 இல் கட்டிய டவென்போர்ட் இல்லத்தையும், அருகிலிருந்த மரணச்சடங்கு நிலையத்துக்கு வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்று இடிக்கப் பார்த்தபோது, ஏழு பெண்கள் சேர்ந்து 22,500 டொலர் திரட்டி அதை விலைக்கு வாங்கிவிட்டார்கள். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். சந்தையை விழுங்கிய தரிப்பிடமோ அரை நூற்றாண்டுக்குப் பின்னர் இடிபட்டது. வாகனங்களை நிலத்துக்கு அடியில் இறக்கி, மேலே 2010 இல் சதுக்கத்தைத் திரும்பவும் திறந்தார்கள். சதுக்கம் திரும்பியது, சந்தைக் கட்டடம் திரும்பவில்லை. நிலத்தடித் தரிப்பிடத்துக்கு வவுனியாவில் யாரிடம் பணம் இருக்கிறது என்பது வேறு கதை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன 1815 மார்ச் 2 ஆம் திகதியைக் கோடாக வைத்திருக்கிறது. அதற்குப் பிந்திய கட்டடமொன்றைக் காக்க வேண்டுமானால், வர்த்தமானியில் தனியே அறிவிக்க வேண்டும். புகையிரதத்தோடு வந்த நம் நகரத்தின் கட்டடங்கள் எல்லாமே அந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்பவை. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் தொல்லியலின் பெயரில் விகாரை எழும்பி, தமிழரின் காணிகளும் எல்லையிடப்பட்டதைப் பார்த்த பிறகு, தொல்லியல் என்ற சொல் இங்கே காணி பறிபோவதற்கான அறிகுறியாகவே கேட்கிறது; அந்த அச்சத்தை நான் குறைசொல்ல மாட்டேன். எஞ்சியிருக்கும் பழைய கடையொன்றின் உரிமையாளரிடம் அதன் வயதை விசாரித்தபோது, “தம்பி, பழசு எண்டு வெளியில சொல்லிப்போடாதையும்” என்றுதான் அவர் முதலில் சொன்னார். இடிப்பவர்களுக்கு இந்த மௌனம் நல்ல வசதியாகிவிடுகிறது.

ஆகவே, கொழும்பின் கையை எதிர்பாராமல் உள்ளூராட்சி மன்றமே செய்யக்கூடியதைத்தான் நான் கேட்கிறேன். கடைவீதிக்கு முகம்காட்டி நிற்கும் பழைய கட்டடத்தை இடிக்க விண்ணப்பம் வந்தால், ஒரு மாதமாவது பகிரங்க அறிவித்தல் ஒட்டப்பட வேண்டும். அதே காணியின் பின்வளவை வாகனத்துக்கு விட முடியுமா என்று அளந்து பார்த்த பின்னரே அனுமதி கொடுக்க வேண்டும். இடிபட்ட நான்கு கடைகளுக்குப் பின்னாலும் ஒழுங்கையில் திறக்கும் வெறும் வளவு இருந்தது. பற்றை மண்டிய அந்த வளவு இப்போதும் அப்படியே கிடக்கிறது.

சென்ற ஞாயிறு, நண்பர் ஒருவரும் நானும் அந்த உரிமையாளரின் அனுமதியோடு அவருடைய கடையை நாடா பிடித்து அளந்து வரைந்தோம். முன்கதவின் பலகைகளை வரிசை தவறாமல் தவாளிப்பில் இறக்குவதற்காக, ஒவ்வொன்றின் உட்புறத்திலும் தமிழ் எண் செதுக்கியிருக்கிறார்கள்: ௧, ௨, ௩ என்று பதினொன்று வரை. ஏழாவது மட்டும் வெறும் பலகை. பழையது 1990 இல் எரிந்துபோனதென்றும், புதிதாகச் சீவிய தச்சனுக்குத் தமிழ் எண் தெரியாதென்றும் ஐயா சொன்னார். வரைபடத்தில் அந்த இடத்தையும் வெறுமையாகவே விட்டிருக்கிறோம்.