குடத்துக்கு வெளியே நிற்பவர்கள்

கற்பனை உலகம் ஒன்றை உருவாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வரைபடத்திலிருந்தே தொடங்குகிறோம். நானும் எழுதிவரும் கணினி விளையாட்டுக்காக மலை, ஆறு, கோட்டை, காடு என்று மாதக்கணக்கில் வரைந்துகொண்டிருந்தேன். எல்லா ஊர்களுக்கும் பெயர் வைத்து முடித்த பிறகும், அந்த நாட்டில் ஒருவன் பொய் சொன்னால் என்ன ஆகும், வரியை யார் வாங்குகிறார்கள், மடையை யார் திறக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. அப்போதுதான் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய அல்டிமா என்ற கணினி விளையாட்டு வரிசையில் நான்கு, ஐந்து, ஆறாம் பாகங்களை அடுத்தடுத்து மறுபடியும் ஆடினேன்.

1985இல் வந்த நான்காம் பாகத்தில், கடைசியில் கொன்று முடிக்க வேண்டிய கொடியவன் என்று எவனும் கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுப் பண்புகளிலும் தேறி ‘அவதார்’ ஆவதே ஆட்டத்தின் இலக்கு. நாம் அறிந்த அவதாரம் என்ற சொல்தான் அது. அதில் மந்திரத்துக்கான மூலிகைகளை விற்பவர்கள் பார்வையற்றவர்கள். எவ்வளவு வேண்டும் என்று கேட்டு விலையைச் சொல்வார்கள். எத்தனை காசு கொடுக்கிறோம் என்பதை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். கேட்ட விலைக்குப் பதிலாக ஒரே ஒரு காசு கொடுத்தாலும் மூலிகை கைக்கு வந்துவிடும், காவலர் யாரும் ஓடிவர மாட்டார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கணக்கில் நம் நேர்மை குறைந்திருக்கும். வெகுநேரம் கழித்துக் கோட்டையில் இருக்கும் ஞானியிடம் நம் நிலையைக் கேட்கும்போதுதான் அது தெரியவரும். முதல்முறை ஆடியபோது நான் குறைத்துத்தான் கொடுத்தேன். ‘ஏமாற்றவா, வேண்டாமா’ என்று திரை என்னைக் கேட்டிருந்தால் நிச்சயம் யோசித்திருப்பேன். அது விலையை மட்டும்தான் கேட்டது.

1988இல் வந்த ஐந்தாம் பாகம்தான் என்னை அதிகம் உலுக்கியது. அரசர் காணாமற்போன நேரத்தில் ஆட்சிக்கு வரும் பிளாக்தார்ன், அதே எட்டுப் பண்புகளைச் சட்டமாக்கிவிடுகிறான். பொய் சொன்னால் நாக்கை இழக்க வேண்டும். வருமானத்தில் பாதியைத் தருமத்துக்குக் கொடுக்காவிட்டால் வருமானமே இருக்காது. முந்தைய பாகத்தில் நாம் தேடித் தேடிப் பழகிய நற்பண்புகளுக்கே ஊரார் அஞ்சி நடுங்குகிறார்கள். 1990இல் வந்த ஆறாம் பாகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: பேய்கள் என்று நாம் வெட்டிச் சாய்த்துவந்த கார்கோயில் (gargoyle) என்ற இனத்தாருக்கும் அவர்களுக்கென்று அறமும் வேதவாக்கும் உண்டு என்பதும், நாம் அரும்பாடுபட்டு அடைந்த ஞானநூல் அவர்களிடமிருந்து பறிபோனது என்பதும், அவர்கள் பார்வையில் நாம்தான் போலித் தீர்க்கதரிசி என்பதும் அதில் தெரியவருகின்றன.

ஒரு சமூகத்தின் அறத்தை அதன் விதிகளில் எழுத வேண்டும், அந்த விதிகளை அவற்றுக்கு வெளியே நிற்பவரின் கண்ணால் ஆட்டக்காரருக்குக் காட்ட வேண்டும் என்று நான் முடிவு செய்தது இந்த மூன்று பாகங்களால்தான். என் நாடு ஏரிப் பாசனத்தால் வாழும் நாடு என்பதால், விதிகளைத் தேடி, ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்த முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்குப் போனேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை அவை. ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலிருந்து பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றுமறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் சொல்லி, வாரியங்கள் எனப்பட்ட ஊர்க் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் ஓலையில் எழுதக் கூடாது. அதிகாரம் மனிதனை என்ன செய்யும் என்பதைத் தெளிவாக அறிந்தவர்கள் வகுத்த விதி அது என்று படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

அதே கல்வெட்டு, பெயர் எழுதப்படுவதற்குக் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்குள் வயதும், வேதப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. ஏரியில் தூர் வாரியவருக்கும் நாற்று நட்டவளுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. இந்த விதியை நான் என் உலகத்துக்குள் அப்படியே கொண்டுவந்தேன். தேர்தல் ஊழலற்றது, வாரியத்தார் ஆறு பேரும் யோக்கியமானவர்கள்; ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரமோ குடத்துக்கு வெளியே நிற்கும், மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி ஒருவரின் மகள். வாரியத்தில் ஒருவரைக் கெட்டவராக்கிவிட்டால் கதை சுலபமாகிவிடும். ஆனால் ஆட்டக்காரரின் கோபம் அந்த ஆளோடு நின்றுவிடும், விதியைத் தொடாது.

சென்ற வாரம் அக்கா மகனை உட்காரவைத்து ஒரு காட்சியை ஆடச் சொன்னேன். நள்ளிரவு, கரையில் யாரும் இல்லை. தலைமடையில் நெல் பூக்கும் பருவம், கடைமடையில் நாற்று மஞ்சளாகிக் கிடக்கிறது. முறைப்படி இன்னும் இரண்டு நாள் தண்ணீர் தலைமடைக்குத்தான். அவன் வெகுநேரம் விசைப்பலகையில் கை வைக்காமல் இருந்தான். பிறகு மதகை ஒரு சாண் மட்டும் தூக்கிவிட்டு, “மாமா, நான் பண்ணது சரியா தப்பான்னு ஏன் எதுவுமே வரல?” என்று கேட்டான்.

விடிந்தால் கடைமடைப் பெண்கள் நீர்பாய்ச்சியின் மகளுக்குக் கேழ்வரகு கொண்டுவருவார்கள். தலைமடையில் பூ கருகிய வயலின் சொந்தக்காரி அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். வாரியத்தார் முறையை மீறியதற்கு அவள் அப்பாவின் வேலையைப் பறிப்பார்கள். இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டேன். அந்தச் சொந்தக்காரி வாய் திறந்து பேசும் முதல் வாக்கியம் மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை.