ராஸ்பெர்ரிக்கு இடம் பார்த்த கதை

மூணாறுக்கு அருகே உள்ள மலைக்கிராமமான வட்டவடையில் எங்கள் நிலம் படிப்படியாக வெட்டிய சரிவு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, கீழ்ப்படியில் பூண்டுப் பாத்தியை ஒட்டி 12 சிவப்பு ராஸ்பெர்ரிக் கன்றுகளை நட்டேன். தவறான இடம் என்பது அடுத்த ஆண்டுதான் விளங்கியது.

அந்தப் படியில் முந்தைய போகம் உருளைக்கிழங்கு எடுத்திருந்தோம். உருளை, தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை வாட்டும் வெர்டிசிலியம் என்ற பூஞ்சை பல ஆண்டுகள் மண்ணிலேயே தங்கி ராஸ்பெர்ரியையும் தாக்கக்கூடியது என்பதால், அப்பயிர்கள் நின்ற இடத்தில் நான்கு ஆண்டுகளாவது இதை வைக்காமல் இருப்பது நல்லது. அதோடு, ஐப்பசி மழையில் மேற்படிகளின் நீரெல்லாம் அங்கேதான் வந்து தேங்கும். சற்றே புளிப்பான மண்ணை விரும்பும் இந்த வேர், நின்ற நீரைத் தாங்காது. நான்கு செடிகள் அப்படியே போயின. பிடுங்கி வேர்த்தோலைச் சுரண்டியபோது உள்ளே வேர் அழுகிச் செங்கபில நிறம் ஏறியிருந்தது.

பிழைத்த எட்டுச் செடிகளும் வேறு விதமாகச் சோதித்தன. ராஸ்பெர்ரியின் தண்டுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. பொதுவாக முதலாண்டு வளர்ந்து, மறு ஆண்டு காய்த்துக் காய்ந்துவிடும். வேரோ ஆண்டுக்கணக்கில் மண்ணுக்கடியில் கிடையாக ஓடி, வழிநெடுக மொட்டு விட்டுப் பக்கக்கன்றுகளை எழுப்பிக்கொண்டே இருக்கும். "தம்பி, உங்க முள்ளுச்செடி எங்க பூண்டுக்குள்ள வந்திருச்சு" என்று பக்கத்து நிலத்துப் பெரியம்மா கூப்பிட்டுக் காட்டியபோது எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. தாய்ச்செடியிலிருந்து ஐந்தடி தள்ளி, கல் கட்டின் இடுக்கு வழியே நுழைந்து, பூண்டுத் தாள்களுக்கு நடுவே விரல் உயரத்தில் ஒரு துளிர் நின்றது. கையால் இழுத்தால் அது மட்டுமே ஒடிந்து வரும். அடியில் வேர் அப்படியே இருக்கும். மண்வெட்டியை ஓரத்தில் செங்குத்தாக இறக்கி வேரை வெட்டி, துண்டோடு தோண்டி எடுக்க வேண்டும்.

பிறகு உருளை விளையாத மேற்படிக்கு மாற்றினேன். பிற்பகலில் மூடுபனி இறங்கும் எங்கள் ஊரில் காலை வெயில்தான் முக்கியம். இலையின் ஈரம் சீக்கிரம் உலர்ந்தால் பழத்தில் பூசணம் குறையும். ஆகவே கிழக்கு பார்த்த, ஆனால் காற்று நேராக மோதாத இடமாகத் தேர்ந்து, மண்ணை ஓரடி உயர்த்தி மேட்டுப்பாத்தி அமைத்து, செடிக்குச் செடி இரண்டடி விட்டு நட்டேன். சுற்றிலும் இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தகரம் இறக்கி, இரண்டங்குலம் வெளியே தெரியும்படி விட்டிருக்கிறேன். வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே ஓடுவதால் இந்த ஆழம் போதுமானதாக இருக்கிறது. தகரத்தை ஒட்டி ஒன்றரை அடிக்கு எதையும் நடாமல் வெறும் மண்ணாக வைத்திருப்பதால், தப்பி வரும் கன்று உடனே கண்ணில் படுகிறது.

மைசூர் ராஸ்பெர்ரி என்னும் கறுப்புப் பழ வகைக்கு இந்தத் தகரம் உதவாது. அதன் நீண்ட தண்டு வளைந்து நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுச்செடியாகிவிடும். பறவைகள் விதையையும் பரப்பும். பசிபிக் பெருங்கடலில் உள்ள காலாபகோஸ் தீவுகளில் அது பெரும் களையாகிவிட்ட செடி. எங்கள் வேலியோரம் நிற்கும் ஒன்றை, நான்கடி உயரக் கம்பியில் கட்டி, நுனி தரையைத் தொடுவதற்குள் கிள்ளிவிடுகிறேன். பழங்களையும் பழுத்தவுடனே பறித்துவிடுகிறேன்.