ஷ்லீமான் வீட்டை அட்டையில் கட்டுகிறேன்: இதுவரை

மூன்று வாரமாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் கட்டர், ஸ்டீல் ஸ்கேல், மவுண்ட் போர்டு என்று உட்கார்ந்துவிடுகிறேன். ஹைன்ரிக் ஷ்லீமான் ஏதென்ஸில் கட்டிக்கொண்ட மாளிகையின் மாதிரி, 1:100 அளவில். துருக்கியின் ஹிசார்லிக் மேட்டைத் தோண்டி, இதுதான் பழைய கிரேக்கக் கவி ஹோமர் பாடிய டிராய் என்று உலகத்துக்குச் சொன்னவர் அவர். தோண்டிய அளவுக்கு எழுதவும் செய்தார். புத்தகங்கள் போக 18 நாட்குறிப்புகள் இருக்கின்றன, அதுவும் போகிற நாட்டின் மொழியிலேயே எழுதியவை.

முதலில் மாளிகையை மட்டும் செய்வதாகத்தான் இருந்தேன். ஆனால் டிராய் பற்றிய அவருடைய பெரிய நூலின் முன்பகுதியில் தன் கதையைச் சொல்கிறார். அதைப் படித்ததும் இன்னொரு வீட்டையும் செய்யாமல் விட மனம் வரவில்லை.

அது ஆம்ஸ்டர்டாமில் ஒரு மச்சு அறை. 1841-இல் அவர் ஏறிய கப்பல் உடைந்து ஹாலந்துக் கரையில் ஒதுங்கியவர், அங்கேயே ஒரு வேலையில் சேர்ந்தார். சம்பளத்தில் பாதி படிப்புக்கு. மீதியில்தான் வாடகையும் சாப்பாடும். குளிருக்கு நெருப்புகூட இல்லாத அறை. மொழிகளைச் சத்தம் போட்டு வாசித்துத்தான் படிப்பாராம். ரஷ்ய மொழிக்கு ஆசிரியர் கிடைக்காததால் தானே படித்தார். ஒப்பிப்பதைக் கேட்க ஆள் வேண்டுமே என்று ஒரு முதியவருக்கு வாரக்கூலி கொடுத்து உட்கார வைத்தார். அந்த முதியவருக்கோ ரஷ்யன் ஒரு வார்த்தை தெரியாது! வீட்டின் தளம் ஒற்றைப் பலகை. சத்தம் கீழ் வீடுகளுக்கெல்லாம் கேட்டு, குடியிருப்பவர்கள் புகார் சொல்லி, ரஷ்யன் படித்து முடிப்பதற்குள் இரண்டு முறை வீடு மாற வேண்டியதாயிற்று.

ஷ்லீமான் தன்னைப் பற்றிச் சொல்வதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1873-இல் டிராயில் புதையல் கிடைத்தபோது மனைவி சோபியா பக்கத்தில் இருந்ததாக எழுதினார். சோபியா அப்போது ஏதென்ஸில் இருந்தார் என்பதைப் பின்னால் ஒரு கடிதத்தில் ஷ்லீமானே ஒத்துக்கொண்டார். ஆனாலும் இந்தப் பலகைக் கதையை நான் நம்புகிறேன். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இல்லை.

அந்த அறைக்குப் படம் எதுவும் கையில் இல்லாததால் தளத்தை மட்டும் செய்தேன். ஐஸ் குச்சிகளை மெல்லிய இடுக்கு விட்டு ஒட்டினேன். கீழே டார்ச்சைப் பிடித்தால் எல்லா இடுக்கிலும் வெளிச்சம் கசிகிறது. அவர் குரலும் இப்படித்தான் இறங்கியிருக்க வேண்டும்.

நடுவில் முப்பது வருடத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். 1846-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், அவுரி வியாபாரம், கிரிமியா போரில் குவிந்த பணம், பிறகு பாரிஸ் வாசம். இந்த வீடுகளைச் செய்யப் போவதில்லை.

ஏதென்ஸ் மாளிகையை வடிவமைத்தவர் எர்ன்ஸ்ட் சில்லர். 1878-இல் தொடங்கினார்கள். பெயர் இலியூ மெலாத்ரோன், டிராய் அரண்மனை என்று பொருள். முகப்பில் இரண்டு தளத்துக்கும் வளைவு வரிசை உண்டு. முதல் வளைவை வெட்டும்போதே அட்டையின் ஓரம் பிசிறடித்தது. தடித்த அட்டையை விட்டுவிட்டு மெல்லிய அட்டை இரண்டை வெட்டி ஒட்டினேன். பேனாவில் உப்புத்தாளைச் சுற்றி உள்பக்கம் தேய்த்ததும் வழவழவென்று வந்தது. அப்புறம் முன்சுவர் மொத்தமும் வில்லாக வளைந்தது. வெள்ளைப் பசையை ஒரு பக்கம் மட்டும் தடவியதுதான் காரணம். பின்பக்கமும் தாள் ஒட்டி, ஒரு ராத்திரி கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தேன், நிமிர்ந்துவிட்டது.

இரும்பு வேலிதான் நாலு ராத்திரியைத் தின்றது. அதில் ஸ்வஸ்திக் சின்னங்கள் இருக்கின்றன. டிராயில் கிடைத்த, நூல் நூற்கும் சுடுமண் தக்களிகளில் கீறியிருந்த அதே சின்னம். இந்த அளவில் ஒன்று 3 மில்லிமீட்டர்கூட வராது. தாளில் வெட்ட வெட்டக் கிழிந்தது. கடைசியில் ஓஹெச்பி ஷீட் என்கிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து ஒட்டினேன்.

உள்ளே, தரையில் டிராயிலும், அவர் தோண்டிய இன்னொரு பழைய நகரமான மைசீனாவிலும் கிடைத்த பொருள்களின் உருவங்கள் மொசைக்காக. சுவரெங்கும் பழைய கிரேக்க வரிகள். வேலைக்காரர்களுக்குக்கூட ஹோமர் காலத்துப் பெயர்கள்தான். எனக்கு அந்தச் சுவர்கள்தான் முக்கியம். வாய்விட்டுப் படித்ததற்காக வீடு மாறியவர், பிடித்த வரிகளைத் தன் சொந்தச் சுவரிலேயே எழுதி வைத்துக்கொண்டார். 1:100-இல் எழுத்து தெரியாது என்பதால் ஒரே ஒரு சுவரை மட்டும் 1:20 அளவில் தனியாகச் செய்கிறேன்.

பத்து வருடம்தான் அங்கே வாழ்ந்தார். 1890-இல் ஜெர்மனியில் காது அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் வழியில், டிசம்பர் 26-இல் நேபிள்ஸில் இறந்தார். அவருடைய கல்லறையையும் வடிவமைத்தது சில்லர்தான். வீடு 1926-இல் அரசு கைக்குப் போனது, நீதிமன்றமாகவும் இருந்தது. இன்று அங்கே நாணயவியல் அருங்காட்சியகம்.

நேற்று இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மச்சு அறையின் தளம், மாளிகையின் ஒரு தாழ்வாரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மொட்டைமாடிச் சிலைகள் பாக்கி. இந்த வாரம் களிமண்ணில் ஒன்று பிடித்துப் பார்க்கப் போகிறேன்.