துரிஞ்சிலின் வயிற்றில் ஓர் உண்ணி

திருப்பாதிரிப்புலியூரில் பக்கத்து வீட்டு ஓட்டைப் பிரித்தபோது செத்த துரிஞ்சில் (சிறு வௌவால்) ஒன்று கொத்தனாரின் காலடியில் விழுந்தது.

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். வயிற்று மயிருக்குள் கடுகைவிடச் சிறிய உண்ணி. கால்களை எண்ணினேன். ஆறு!

அப்படியென்றால் அது குஞ்சு. வளர்ந்த பிறகுதான் எட்டுக் கால்.

குஞ்சு நாள்கணக்கில் வௌவாலிலேயே ஒட்டியிருக்கும். அது பறக்கும் இடமெல்லாம் கூடவே போகும். இது முதுகில் கடின ஓடில்லாத மெல்லுடல் உண்ணி வகை. வளர்ந்ததோ சுவர் விரிசலில் ஒளிந்திருந்து, வந்து இரத்தம் குடித்துவிட்டுச் சீக்கிரமே திரும்பிவிடும். மாதக்கணக்கில் பட்டினியும் கிடக்கும்.

வௌவால் உண்ணிகளில் ரிக்கெட்சியா, பொரேலியா போன்ற பாக்டீரியாக்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். 1957-இல் கர்நாடகத்தில் அறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சலின் வைரஸைக்கூட நம் நாட்டு வௌவால் உண்ணிகளிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். அந்தக் காய்ச்சலை மனிதருக்குப் பரப்புவது காட்டில் வாழும் வேறோர் உண்ணி என்பதையும் சொல்லியாக வேண்டும். கிருமி இருப்பது வேறு, நோய் தருவது வேறு.

"புகை போட்டு எல்லாவற்றையும் விரட்டிவிடலாம் சார்" என்றார் கொத்தனார்.

"வேண்டாம் அண்ணே. வௌவால் போய்விடும், விரிசலில் இருக்கும் உண்ணி போகாது. பசித்தால் தூங்கும் மனிதரைக் கடிக்கும்" என்றேன்.

பழைய வீடு வைத்திருப்பவர்களே, பறக்கத் தெரியாத வௌவால் குட்டிகள் இருக்கும் காலத்தில் விரிசல்களை அடைக்காதீர்கள். மற்ற நாள்களில், வௌவால்கள் இரைதேடிப் போன பிறகு அவற்றைப் பூசுங்கள். செத்த வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள்.