டோனாவூரில் பெயர் இல்லாத ஒரு கல்லறை

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. "எனக்குப் பதிலா நீயாவது ஒரு தடவை டோனாவூர் போயிட்டு வாடே" என்று நச்சரித்ததால்தான் போனேன், பக்தியில் கிளம்பினேன் என்று சொன்னால் பொய்.

வள்ளியூரில் இறங்கி ஏர்வாடி வழியாகப் போனால் மேற்குமலை கூடவே வருகிறது. டோனாவூர் என்பது ஏதோ பழைய தமிழ்ப் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். மிஷனரி இரேனியுஸ் ஐயர் காலத்தில் இங்கே ஆலயம் கட்டப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயராம்.

நான் பார்க்கப் போன கல்லறை மிஷனரி ஏமி கார்மைக்கேலுடையது. 1867இல் அயர்லாந்தில் பிறந்தவர். நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்துப் படுத்து, காலையில் கண்ணாடியில் அதே பழுப்புக் கண்ணைப் பார்த்து ஏமாந்த பிள்ளை, ஓய்வுநாள் பள்ளியில் எல்லோரும் கேட்ட கதைதான். 1895இல் இந்தியா வந்தவர் அப்புறம் சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. இங்கிருந்த மிஷனரி வாக்கர் ஐயரிடம் தமிழ் படித்தார், சேலை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1901இல் பெருங்குளத்தில் கோயிலுக்கென்று விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி பிரீனா தப்பி அவரிடம் வந்தாள். அதற்கு முன்பே ஒருமுறை தூத்துக்குடிக்குத் தாயிடம் ஓடிப்போய், திருப்பி ஒப்படைக்கப்பட்டு, கையில் சூடு வாங்கியவள். அவளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். பலருக்குப் பிறந்த நாளே தெரியாது, அதனால் டோனாவூரில் அவர் நடத்திய இல்லத்துக்கு வந்து சேர்ந்த நாளைத்தான் கொண்டாடுவார்களாம். இதைப் படித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது.

அம்மாவுக்கு அதெல்லாம் இரண்டாவதுதான். 1931இல் களக்காட்டில் மங்கிய வெளிச்சத்தில் ஒரு குழிக்குள் விழுந்து ஏமிக்குக் கால் முறிந்ததே, அதுதான் அவளுக்கு முக்கியம். அதன்பின் ஏறக்குறைய 20 வருஷம், 1951 ஜனவரியில் கண்மூடும்வரை, பெரும்பாலும் அந்த ஒரே அறைதான். பிள்ளைகள் பாடுவதற்கென்று முன்பிருந்தே பாட்டு எழுதியவர், படுக்கையிலும் எழுத்தை விடவில்லை. உன்னிடம் ஒரு தழும்புகூட இல்லையா, காயமே படாதவன் இயேசுவின் பின்னால் எவ்வளவு தூரம்தான் வந்திருப்பான் என்று கேட்கிற பாட்டு அவருடையது. எனக்கு அது கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது. ஆனால் அம்மா அந்தப் பாட்டை விடமாட்டாள்.

கல்லறைக்கு மேல் கல் வைக்கக் கூடாது என்று அவரே சொல்லியிருந்தார். சரி என்று பிள்ளைகள் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்துவிட்டார்கள். முழுப் பெயர் இல்லை, தேதி இல்லை, அவர்கள் கூப்பிட்ட 'அம்மா' மட்டும். மரநிழல், சருகு. ஜெபிக்க வாய் வரவில்லை, சும்மா நின்றேன். ஒரு தவிட்டுக்குருவி விளிம்பில் உட்கார்ந்து, தலையை முக்கி, சிறகைப் படபடவென்று உதறியதில் என் சட்டையில் நாலு சொட்டு தெறித்தது.

ராத்திரி வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "தொட்டியில தண்ணி இருந்துச்சா?"