அப்பாவுக்கு ஒரு கோப்பை: மெக்சிகோ நகரில் இறந்தோர் நாள்

மெக்சிகோ நகரில் நான் தங்கியிருந்த வீட்டில் அக்டோபர் 30ஆம் தேதி கூடத்து மேசையைச் சுவரோரம் நகர்த்தினார்கள். மேலே மரப்பெட்டிகளைப் படிபோல அடுக்கி, துணி விரித்து, வீட்டுக்கார அம்மா மூன்று படங்களை வைத்தார். கணவர், தாய், தங்கை. இந்தப் படையலுக்கு ஒஃப்ரேந்தா என்று பெயர். ஆண்டுக்கு ஒருமுறை, இறந்தோர் நாளில், வீடு திரும்பும் இறந்தவர்களின் உயிர்களுக்கு வைப்பது. ஒரு கிளாஸ் தண்ணீர் கட்டாயம் வேண்டும். அவ்வளவு தூரம் வருகிறவர்களுக்குத் தாகம் எடுக்குமாம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உப்பு.

"உன் வீட்டில் யாராவது போயிருக்கிறார்களா, மிஹோ?" என்று கேட்டார். மிஹோ என்றால் மகனே.

அப்பா போன வருடம் இறந்துவிட்டார் என்றேன். போனில் இருந்த படத்தை உடனே அச்சிட்டு வரச் சொன்னார்.

மறுநாள் விடியலில் ஹமைக்கா சந்தைக்குப் போனோம். நகரத்தின் பெரிய பூச்சந்தை அது. கண்ணுக்கு எட்டிய வரை ஆரஞ்சு நிறம். பூவை செம்பசூச்சில் என்கிறார்கள். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்லில் 'இருபது பூ' என்று பொருள். கையில் எடுத்துப் பார்த்தால் நம் செண்டுமல்லி! நம் ஊர்ப் பூ என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதன் தாய்மண்ணே மெக்சிகோதான். பக்கத்துக் குவியலில் கருஞ்சிவப்பாகக் கோழிக்கொண்டைப் பூ. இரண்டையும் சுமந்து வந்து, தெருக்கதவிலிருந்து படையல் வரை இதழ்களை உதிர்த்துப் பாதை போட்டோம். அந்த நிறத்தையும் மணத்தையும் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் வழி கண்டுபிடிப்பார்களாம்.

எலும்பு வடிவில் மாவை உருட்டி மேலே வைத்துச் சுடும் ரொட்டி, சர்க்கரை மண்டையோடு, கோபல் பிசினின் புகை. எல்லாம் வைத்தாயிற்று. "அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?" என்றார் அந்த அம்மா. கருப்பட்டிக் காபி. அதை எப்படி விளக்குவது? பனைமரம், பதநீர் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கேட்டவர், சரி என்று எழுந்துபோய் மண்பானையில் காபியைக் கொதிக்கவிட்டார். பட்டையும், பிலோன்சீயோ என்ற பழுப்பு வெல்லக்கட்டியும் போட்டு. கஃபே தே ஓயா என்கிறார்கள். வாசனை வந்ததும் நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

நவம்பர் 1ஆம் தேதி பெரிய அணிவகுப்பு. ரெஃபோர்மா சாலையில் லட்சக்கணக்கில் கூட்டம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இது 2016இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் இப்படி ஒரு ஊர்வலத்தைக் கற்பனையாகக் காட்டினார்கள். அதன் பிறகே நகரம் நிஜமாக நடத்த ஆரம்பித்தது. நேரம் குறைவென்றால் இதைத் தவறவிடலாம் என்பது என் எண்ணம். தவறவிடக் கூடாதது மிஸ்கிக்.

2ஆம் தேதி மெட்ரோவின் 12ஆம் தடத்தில் கடைசி நிலையமான த்லாவாக் வரை போய், அங்கிருந்து சிற்றுந்து பிடித்தேன். சான் ஆந்த்ரேஸ் மிஸ்கிக் நகர எல்லைக்குள்ளேயே இருக்கும் பழைய ஊர். ஒரு காலத்தில் சால்கோ ஏரி நடுவே தீவாக இருந்தது. தேவாலயத்தை ஒட்டியே கல்லறைத் தோட்டம். பகலில் பெண்கள் கல்லறைகளைக் கழுவி, மண்ணை ஈரப்படுத்தி, இதழ்களால் சிலுவையும் கோலமும் வரைந்துகொண்டிருந்தார்கள். இருட்டியதும் ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இந்த இரவுக்கு ல அலும்ப்ராதா, அதாவது ஒளியேற்றல் என்று பெயர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. புகையில் எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை.

அழுகைச் சத்தம் இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். கல்லறையைச் சுற்றி மடக்கு நாற்காலி போட்டு, போர்வை போர்த்திக்கொண்டு, மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி, குடும்பத்தில் இந்த வருடம் யாருக்குக் கல்யாணம், யார் வேலை மாறினார்கள் என்று கல்லறையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பேரன் நடுவில் ஒரு பெயரைத் திருத்தினான். நான் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். போகிறவர்கள் தயவுசெய்து ஃபிளாஷ் போடாதீர்கள். கல்லறைகளுக்கு நடுவே நடக்கும்போது பூக்களை மிதிக்காமல் பாருங்கள்.

நள்ளிரவில் வண்டி கிடைக்கவில்லை. தெருவோரத்தில், சோளமாவை மடலில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் தமாலும், சோளமாவில் காய்ச்சிய சூடான அத்தோலேயும் விற்ற ஒரு அக்கா, அடுப்புப் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு உட்காரச் சொன்னார். விடியும் வரை அங்கேதான் இருந்தேன்.

வீடு திரும்பியபோது படையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டியில் எனக்கும் ஒரு துண்டு. ருசியை அவர்கள் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றார் அந்த அம்மா. அப்பாவின் கோப்பையை என்னிடம் நீட்டினார். ஆறிப்போன காபியை நின்றபடியே குடித்தேன்.

படத்தை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனேன். "அதை விட்டுவிட்டுப் போ, மிஹோ," என்றார். "அடுத்த வருடம் நீ இங்கே இல்லாவிட்டாலும் நான் வைக்கிறேன்."

அவருடைய கணவர் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.